பெட்டிக்கு அடியில்

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலி, முதுகு வலி, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? நான் நன்றாக இருக்கிறேன். "எங்கே ஆளையே காணோம், எழுதுவதை விட்டுவிட்டீர்களா" என்று விசாரித்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டில் இருந்தேன். அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நானும் என் வீட்டுக்காரரும் மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய் இறங்கினோம். போன இடத்தில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உங்களை விட்டால் வேறு யார்?

மகள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே படகுத்துறை. தெருவைக் கடந்தால் நீளமாக ஒரு மரப்பாலம். அதன் இரண்டு பக்கமும் படகுகள் மாடு கட்டின மாதிரி வரிசையாக அசைந்துகொண்டிருக்கும். கடைசியில் நிற்பது எங்கள் சம்பந்தியின் படகு. மாப்பிள்ளையின் அப்பா. வேலையில் இருந்த காலமெல்லாம் பயணிகள் படகு ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வீட்டை மகனுக்கு விட்டுவிட்டு, சம்பந்தி அம்மாவும் அவருமாகப் படகிலேயே குடியிருந்தார்கள். சின்னப் படகுதான். உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, வெளியே தேக்குப் பலகை போட்ட தளம். அந்த அம்மா தவறிப்போன பிறகு மனுஷர் படகை விட்டு இறங்குவது கடைக்கும் டாக்டருக்கும் மட்டும்தான். எதிரில் இருக்கிற மகன் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. சண்டை எல்லாம் இல்லை. கூப்பிட்டால், "இருக்கட்டும்மா, அப்புறம் வரேன்" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை.

சரி, நாம் அங்கே போகலாம் என்றால் அந்தத் தளம் இருந்த இருப்பு அப்படி. தேக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு நிலைக்கதவு மாதிரி, தேன் மாதிரி. இது வெயிலும் உப்புத்தண்ணீரும் பட்டுப் பட்டு, எரிந்த அடுப்பின் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஓரமெல்லாம் பச்சையாகப் பாசி. அங்கங்கே காலில் குத்துகிற சிலாம்பு. நடுவில் பலகைக்குப் பலகை விட்டிருந்த கறுப்புப் பசைக்கோடு மட்டும்தான் பிறந்த நிறத்தில் இருந்தது.

"அந்தத் தளத்துல நானே வழுக்கி விழுந்துருக்கேன் அத்தை," என்றார் மாப்பிள்ளை. "தவழற கொழந்தய எப்படி அங்க விடறது? தேய்ச்சுத் தரேன்னு எத்தன வாட்டி கேட்டாச்சு. தொடாதேங்கறார்."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். "அவரு இங்க வர மாட்டாரு, கொழந்த அங்க போகக் கூடாது. ஒரே தெருவுக்கு இந்தப் பக்கம் பேரன், அந்தப் பக்கம் தாத்தாவா? இது என்னம்மா கூத்து?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. மாமியார் போன பிறகு அவளுக்கு அந்த மாமாவின் மேல் ஒரு தனிப் பாசம். தினமும் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்து, டிபன் கேரியரில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புவாள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பெரிய ஆலை ஒன்றின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். மாஸ்டர் என்றால்தான் ஊரில் தெரியும். சமைப்பதை விடத் தேய்ப்பதில்தான் அவருக்குப் பெருமை. அடிப்பிடித்த அண்டாவை ஆள் வைத்துத் தேய்க்க விடமாட்டார். தானே உள்ளே தலையை விட்டுத் தேய்ப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. இப்படிப்பட்ட மனுஷரைச் சமையலறை ஜன்னல் எதிரில் உட்காரவைத்து, அழுக்குப் பிடித்த ஒரு தளத்தைத் தினமும் காட்டினால் என்ன ஆகும்? காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படகையே பார்ப்பார். கட்டைவிரல் டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் போய்க் கேட்கவும் மாட்டார். ஏனென்றால் இரண்டு பேருக்கும் கல்யாணத்திலிருந்து பேச்சு சரியில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணச் சாப்பாடு முழுவதும் இவர் சமையல். பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் சம்பந்தி, "எல்லாம் பிரமாதம். உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்றார். அவ்வளவுதான். "பொழுதுக்கும் கடல் காத்தத் தின்னு தின்னு நாக்கே ஊறுகாயாப் போன ஆளு, எனக்கு உப்புச் சொல்றாரா?" என்று இவர் அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. நேரில் பார்த்தால் இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சம்பந்தி தளத்தின் பின்பக்கம், சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மரப்பெட்டியைத் தூக்கினார். கயிறு போட்டு வைக்கிற பெட்டி. ஆள் உட்காரலாம். தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து தரையைத் துணியால் ஒற்றினார். பிறகு பெட்டியை இப்படியும் அப்படியும் மில்லிமீட்டர் பார்த்து அதே இடத்தில் வைத்தார். கரப்பான் பூச்சி பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பாலை இறக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்ப சாயங்காலம் ஆகும். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்தார்.

"கேட்டா வேணாம்பாரு. செஞ்சு முடிச்சிட்டா சந்தோஷப்படுவாருப்பா," என்றாள் மகள்.

"வேண்டாங்க. அடுத்தவர் படகு," என்றேன் நான்.

"படகுல என்ன இருக்கு? அண்டாவத் திருப்பிப் போட்டா படகு," என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கையில் ஒரு வாளி, சோப்புத்தூள், சமையலறையில் இருந்த கம்பி நார் மொத்தமும். ஆமாம், பாத்திரம் தேய்க்கிற கம்பி நார்தான். அவருக்கு உலகத்தில் தெரிந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

என்ன தேய்ப்பு என்கிறீர்கள். மண்டி போட்டு, பலகை பலகையாக, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தார். சாம்பல் தண்ணீர் ஓடியது, பச்சைத் தண்ணீர் ஓடியது. அடியிலிருந்து மெல்ல மெல்ல பழுப்பு எட்டிப் பார்த்தது. ஈரத்தில் எந்தத் தேக்கும் பொன்னாகத்தான் தெரியும், அது கணக்கில்லை. இது காய்ந்த பிறகும் பளிச்சென்று இருந்தது. நான் பிளாஸ்கோடு பாலத்தில் நின்று பார்த்து அசந்துபோனேன். பெட்டியை மட்டும் அவர் நகர்த்தவில்லை. சுற்றித் தேய்த்தார்.

"அதுக்கு அடியில?" என்று கேட்டேன்.

"அடுத்தவன் சமையக்கட்டுல பாத்திரத்தத் தேய்க்கலாம். எடம் மாத்தி வைக்கக் கூடாது. அப்புறம் அவன் தேடுவான்," என்றார். கேன்டீனில் அவர் வைத்திருந்த சட்டம் அது.

சாயங்காலம் சம்பந்தி வந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பாலத்தின் முனையில் அப்படியே நின்றார்.   செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறி, நேராகப் பெட்டிக்குப் போய், அதன் நான்கு மூலையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"பெட்டிய எடுத்தீங்களா?"

"இல்ல," என்றார் இவர்.

"நல்லது," என்றார். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி தூறல். காலையில் நான் ஜன்னலைத் திறந்தபோது தளம் முழுக்க யாரோ மிளகுப்பொடி தூவிய மாதிரி இருந்தது. முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். அவரையும் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய்ப் பார்த்தால், பலகை பூராவும் கறுப்புப் புள்ளி, புள்ளியைச் சுற்றித் துருவின் செம்பழுப்பு. கம்பி நாரின் துணுக்குகள் உடைந்து உடைந்து மரத்தின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஈரம் பட்டதும் துருப்பிடித்து மரத்தையும் கறுக்கடித்துவிட்டன. தேக்குக்கும் இரும்புக்கும் ஆகாதாம். எங்களுக்கு எங்கே தெரியும்? எங்கள் வீட்டில் தேக்கு என்றால் கதவு. கதவை யார் கம்பி நாரால் தேய்த்தார்கள்?

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். காபி வேண்டாம், சாப்பாடு வேண்டாம். "ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டப்ப ஒரு அண்டாவும் என் கையில கெட்டதில்ல. பொண்ணு வாழப்போன எடத்துல வந்து கெடுத்துட்டேன்," என்றார் ஒரே ஒரு தடவை.  மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள். "நான்தானப்பா ஏத்திவிட்டேன்" என்று அழுதாள். ஒரு பக்கம் இவள் வயிற்றோடு அழுகிறாள், இன்னொரு பக்கம் இவர் பட்டினி. யாரைப் பார்ப்பேன் நான்? மதியம் கேரியரைக் கொண்டுபோன மாப்பிள்ளை அங்கே என்ன சொன்னாரோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சம்பந்தி. படியில் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை. சாப்பிடாத கேரியர் இன்னொரு கையில்.

"உள்ள வாங்க சம்பந்தி," என்றேன். 

அவர் வாசற்படியைக் குனிந்து பார்த்தார். அந்தப் படியில் கடைசியாக அவர் இறங்கியது சம்பந்தி அம்மாவைக் கொண்டுபோன அன்றைக்கு. பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். நேராக அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் நின்றார்.

"சம்பந்தி, உங்க கைக்கு உறை என்ன சைஸு? கடையில பெருசு, சின்னதுன்னு ரெண்டு குடுத்தான். ரெண்டையும் வாங்கிட்டேன்."

இவர் திரும்பவில்லை.

"துருவ எடுக்க ஒரு பவுடர் இருக்கு. தண்ணில கரைச்சுப் போட்டா கறுப்பு போயிடும். ஒரு ஆள் வேல இல்ல. எந்திரிங்க."

"என் மேல கோவம் இல்லயா?" சுவரைப் பார்த்தே கேட்டார் இவர்.

"இருக்கு. அதுக்காகச் சாப்பிடாம இருப்பாங்களா? நானும் சாப்பிடல. ஒங்க பொண்ணு இன்னிக்கு என்னவோ வச்சிருக்கா, வாசன வருது. வாங்க, உப்பு சரியா இருக்கான்னு பாப்போம்."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். இரண்டு பேரும் அந்த மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கேரியரைக் காலி செய்தார்கள். மகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தார்கள். அந்தப் பவுடர் கண்ணில் கையில் படக்கூடாதாம். மகளைக் கிட்டேயே விடவில்லை. அவள் ஜன்னலில். நான் வழக்கம்போல் பிளாஸ்கோடு பாலத்தில். முதலில் தளம் முழுக்க நனைக்க வேண்டும். பிறகு கரைசலை மென்மையான பிரஷ்ஷால் போட வேண்டும். அதுவும் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கம் தேய்க்கக் கூடாது, குறுக்கே தேய்க்க வேண்டும். ரேகையோடு தேய்த்தால் அதிலுள்ள மெத்தென்ற பாகம் அரித்துக்கொண்டு போய், பலகை வரி வரியாகப் பள்ளமாகிவிடும் என்று சம்பந்தி சொன்னார். இவர் முந்தாநாள் ரேகையோடுதான் தேய்த்திருந்தார். பிரஷ்ஷைக் குறுக்கே திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வந்துவிட்டார்கள். பெட்டி வந்தது.

"இத விட்டுட்டுச் சுத்திப் போட்டுடலாம்," என்றார் இவர், அவசரமாக.

சம்பந்தி பெட்டியின் ஓரத்தில் குனிந்தார். துருத்தண்ணீர் கறுப்புக் கோடாகப் பெட்டிக்கு அடியில் போயிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

பெட்டி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு நிறம். சுற்றியிருந்த பலகை எல்லாம் இவர் தேய்த்த தேய்ப்பில் வெளிறிப் புள்ளி விழுந்து கிடக்க, நடுவில் அந்தச் சதுரம் மட்டும் கனிந்த பழுப்பில், எண்ணெய் பூசிய மாதிரி மினுமினுத்தது. வெயிலே படாத தேக்கு. கறுப்புக் கோடு ஒன்று மட்டும் அதன் மூலைக்குள் நுழைந்திருந்தது.

"அவ எடம்," என்றார் சம்பந்தி. "நான் சுக்கான் பிடிப்பேன். அவ இதுமேல உக்காந்து பின்னாடி பாத்துட்டு வருவா. முன்னாடி திரும்பி உக்காருடின்னா, 'போற எடத்த நீங்க பாருங்க, வந்த எடத்த நான் பாத்துக்கறேன்'ம்பா. பாதி நேரம் தூங்கிடுவா." கொஞ்சம் சிரித்தார். "அவ போனப்புறம் ஒருநாள் கயிறு எடுக்க பெட்டியத் தூக்கினேன். தளம் பூரா வெளுத்துப்போச்சு, இது மட்டும் அப்படியே இருந்துச்சு. அன்னிலேருந்து யாரையும் தேய்க்க விடல. தேய்ச்சா எல்லாம் ஒண்ணாயிடும்ல. எது அவ எடம்னு தெரியாமப் போயிடும்."

நான் பிளாஸ்கைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் கையுறையோடு முகத்தைத் துடைக்கப் போனவர், கையுறையைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

"வேணாம் சம்பந்தி," என்றார். "இதோட நிறுத்திக்கலாம். தளம் புள்ளியோட கெடக்கட்டும். மானம் போனா எனக்குத்தான போகும். நீங்க பெட்டிய வைங்க."

"அந்தக் கோடு உள்ள போயிருச்சே. விட்டா இதையும் கறுக்கடிச்சிடும்."

"நான் ஊசிய வச்சு எடுத்துத் தரேன். ஒவ்வொண்ணா எடுத்துத் தரேன். எனக்கு வேற என்ன வேல?"

சம்பந்தி எதிரே நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் என் மகள், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை அசைத்தாள். அவரும் பிரஷ் பிடித்த கையை அசைத்தார்.

"கொழந்த தவழணும்ல," என்றார்.

அந்தச் சதுரத்தை அவரேதான் செய்தார். இவரை விடவில்லை. தண்ணீர் விட்டு, கரைசலைப் போட்டு, குறுக்கே, ரொம்ப மெதுவாக, தூங்குகிற குழந்தைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி. நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேரும் என் பக்கத்தில் பாலத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஈரத்தில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, காய வேண்டும். டீ குடித்தோம்.  பலகைகள் ஒரு முனையிலிருந்து மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டு வந்தன. புள்ளி ஒன்றுகூட இல்லை. இளந்தேன் நிறம், முனைக்கு முனை ஒரே நிறம்.

சம்பந்தி வெறுங்காலோடு ஏறிப் போனார். சுக்கான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தார். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தார். பாதத்தால் தடவினார். அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு சுற்று போய் வரலாம் என்று அவரே சொன்னார். டாக்டரிடம் கேட்டு, கரையை ஒட்டி அலை இல்லாத தண்ணீரில் மட்டும், ஆமை வேகத்தில். என் வீட்டுக்காரர் கையில் ஒரு டப்பாவோடு வந்தார். தேக்குக்குப் பூசுகிற எண்ணெயாம். பூசினால் இந்த நிறம் மாறாமல் நிற்கும் என்று கடையில் சொன்னார்களாம். இந்தத் தடவை நான்கு கடையில் விசாரித்துவிட்டுத்தான் வாங்கியிருந்தார்.

சம்பந்தி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல எண்ணெய்தான். வேணாம் சம்பந்தி. இப்படியே இருக்கட்டும். வெயில் படட்டும்."

"மறுபடி வெளுத்துப்போயிடுமே!"

"போகட்டும். பாசி பிடிக்காம நான் கழுவிக்கறேன். சும்மா வெளுத்தா யாருக்கு என்ன?"

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான் புரியவில்லை. இத்தனை பாடுபட்டு, மறுபடி சாம்பலாக விடுவதா?

மாப்பிள்ளை கை கொடுக்க, மகள் ஒவ்வொரு அடியாகப் படகில் ஏறினாள். பெட்டி இன்னும் ஓரத்தில்தான் கிடந்தது. "மாமா, நான் எங்க உக்கார?" என்றாள். சம்பந்தி பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர், எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும்.

"நீயே சொல்லும்மா. ஒனக்கு எங்க வசதி?"

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இடது பக்கமாக, கையால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்த இடத்தைக் காட்டினாள். அவர் அங்கே வைத்தார். இஞ்சின் போட்டதும் படகு திரும்பியது. வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. "அப்பா, என்ன வெயில்!" என்று முனகிக்கொண்டே அவள் பெட்டியின் மேலேயே மெதுவாகத் திரும்பி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சுக்கானில் இருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் முன்னால் பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். கரை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்து, பாதி வழியில் தூங்கிவிட்டாள். திரும்பி வந்து இறங்கியதும் எல்லோரும் வீட்டுக்கு நடக்க, சம்பந்தி பெட்டியை எடுத்து வைக்கப் போகிறார் என்று நின்று பார்த்தேன். எடுக்கவில்லை. அவள் காட்டின இடத்திலேயே, மூலையை மட்டும் பலகைக்கு நேராகச் சரிசெய்து, விட்டுவிட்டு எங்களோடு வந்தார். அந்த எண்ணெய் டப்பா ஏன் வேண்டாம் என்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றி வெளுத்தால்தானே பெட்டிக்கு அடியில் அவள் இடம் தெரியும்!

வீட்டு வேலையாக இரண்டு நாள் ஊருக்கு வந்திருக்கிறோம், பிரசவத்துக்குள் திரும்பிவிடுவோம். நான் இதை எழுதுகிற இந்த நேரம் அங்கே நல்ல வெயில். தளம் இன்னும் இளந்தேனாகத்தான் இருக்கிறதாம், முன்பக்கம் மட்டும் லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் போனில் கேட்டுச் சொல்கிறார். இரண்டு சம்பந்திகளும் இப்போது தினமும் போனில்தான் இருக்கிறார்கள், என் காபி ஆறிப்போகிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி யாரும் நகர்த்தாத சாமான் ஒன்று இருக்கும். நாற்காலியோ, தையல் மெஷினோ, எதுவோ. ஒருநாள் அதை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடியில் தரை என்ன நிறத்தில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.